முதலையும் கோழிக்கூண்டும்: கடாரத்து ஆற்றங்கரை வரலாறு

கடாரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சோழர் படையெடுப்பையும், வணிகர் கப்பல்களையும், சயாமியர் ஆங்கிலேயர் ஆதிக்கங்களையும் முறையே கூறி முடிப்பர். அவர்களெல்லாம் வந்திறங்கிய ஆற்று முகத்துவாரங்களில், அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே குடியிருந்த உயிர் ஒன்று உண்டு. அதுவே முதலை. மக்கள் காடு திருத்தியதையும், கால்வாய் வெட்டியதையும், தோட்டம் போட்டதையும் அது சேற்றுக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கும் மனிதனுக்கும் இடையே நடந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வரலாறு வேடிக்கைக்காக ஆராயப்படுவதன்று. ஆற்றோரத்திலும் வாய்க்காலோரத்திலும் குடியிருந்து, வீட்டின் பின்புறத்தில் பத்துக் கோழியும் நாலு வாத்தும் வளர்க்கும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள. ஒரு வாத்து காணாமற் போனால், போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். வாத்து போன அதே துறையில் மறுநாள் மாலை கால் கழுவ இறங்குவது நம் பிள்ளை. ஆதலின் முதலையை மனிதன் எவ்வெவ்வாறு எதிர்கொண்டான், அவற்றுள் எது பயன் தந்தது என்பதை அறிந்திருத்தல் நமக்குத் தேவையாகிறது. அவ்வாறு ஆராயுமிடத்து, ஒரு செய்தி மட்டும் எக்காலத்தும் மாறாது நிற்கக் காண்கிறோம். முதலையைக் கரைக்கு அழைப்பது இரை. அவ்விரையாக மனிதன் பன்முறையும் பயன்படுத்தியது கோழி.

பெயர் பற்றிய குழப்பம்

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். ஆங்கிலத்தில் 'குரோக்கடைல்' என்றும் 'அலிகேட்டர்' என்றும் இரு சொற்கள் உண்டு. பின்னது, பல்லியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லினின்று வந்தது. அமெரிக்கக் கண்டத்திற்குச் சென்ற ஸ்பானியர் அங்குக் கண்ட விலங்கைப் 'பெரிய பல்லி' என்று கருதி அழைத்ததே பின்னர் அப்படித் திரிந்தது. உண்மையான அலிகேட்டர் அமெரிக்காவிலும் சீனத்து யாங்சி ஆற்றுப் பகுதியிலும் மட்டுமே வாழ்வது. மலாயா மண்ணில் அஃது என்றும் இருந்ததில்லை. ஆயினும், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய ஆங்கிலப் பயண நூல்கள் பலவற்றில் மலாயா ஆற்று முதலைகள் 'அலிகேட்டர்' என்றே வழங்கப்பெற்றன. 1879 ஆம் ஆண்டில் மலாய் மாநிலங்களில் பயணம் செய்து, 1883 இல் தம் நூலை வெளியிட்ட இசபெல்லா பேர்டு அம்மையாரும் அவ்வழக்கையே கையாண்டார். பழைய ஆங்கிலக் குறிப்புகளைப் படிக்கும் நம் மாணவர் இதனால் மயங்குதல் கூடாது.

மலாயாத் தீபகற்பத்தில் நன்கு அறியப்பெற்றவை இரு வகை. ஒன்று உவர்நீர் முதலை. மலாய்க்காரர் இதனைப் 'புவாயா தெம்பாகா', அதாவது செம்பு நிற முதலை என்பர். ஆண் முதலை பதினைந்து அடிக்கு மேலும் வளரும். மனிதனையும் கால்நடையையும் தாக்க வல்லது இதுவே. மற்றொன்று நீண்டு குறுகிய மூக்குடையது; 'ஜூலோங்-ஜூலோங்' எனப்படும். அது நன்னீர்ச் சதுப்புகளில் பெரும்பாலும் மீன் உண்டு வாழ்வது. நம் கட்டுரைக்கு உரியது முன்னதே.

பழந்தமிழர் கண்ட முதலை

முதலை நமக்குப் புதியதன்று. குறிஞ்சிப்பாட்டில் இரவு வழியின் ஏதங்களைத் தோழி எடுத்துரைக்கும்பொழுது முதலை, இடங்கர், கராம் என மூன்றைத் தனித்தனியே எண்ணுகிறாள். இவை மூன்றும் முதலைச் சாதியின் வகைகள் என்பது உரைகாரர் கருத்து. ஒரு பொருளுக்கு மூன்று பெயர் வழங்கிற்று என்றால், மக்கள் அதனை அருகிருந்து பார்த்து வேறுபாடு உணர்ந்திருந்தனர் என்பது பெறப்படும்.

புறநானூற்றின் முப்பத்தேழாம் பாட்டு அகழி முதலையைக் காட்டுகிறது. நள்ளிரவில் ஊர் காப்போர் ஏந்திய விளக்கின் நிழல் நீரில் அசைய, அதனை இரையென்று கருதி முதலை கவ்வப் பாய்வதாகப் புலவர் கூறுவர். இது கற்பனை அழகுக்காக மட்டும் சொல்லப்பட்டதாக எண்ணவேண்டா. முதலை இரவில் வேட்டையாடும் விலங்கு; நீர்மேல் தோன்றும் அசைவை அது விரைந்து உணரும். அதன் தாடையில் உள்ள நுண்ணிய புள்ளிகள் நீரின் சிறு நடுக்கத்தையும் உணரவல்லன என்று இன்றைய விலங்கியலார் கண்டுள்ளனர். நீர் விளிம்பில் சிறகடிக்கும் வாத்து எத்தகைய அழைப்பு என்பதை இதனால் எண்ணிப் பார்க்கலாம்.

வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் முதலையை எடுத்துக்காட்டாக்கினார். ஆழ்நீரில் பிறவற்றை வெல்லும் முதலை, நீரைவிட்டு நீங்கின் பிறவற்றால் வெல்லப்படும் என்பது அவர் கருத்து. அரசனுக்குச் சொன்ன அந்நீதி கோழி வளர்ப்போனுக்கும் பொருந்தும். முதலையின் வலிமை முதலையிடத்தில் மட்டும் இல்லை. அது நிற்கும் இடத்திலும் உள்ளது. அவ்விடத்திற்கு நாம் எத்துணை அருகில் செல்கிறோம் என்பதே வழக்கின் உயிர்நாடி.

அவிநாசியில் முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட வரலாறும் தமிழ் மக்கள் நெஞ்சில் நிலைத்தது. குளிக்கச் சென்ற பிள்ளை திரும்பவில்லை என்ற தாயின் துயரம் அந்நாளிலேயே அத்துணைப் பெரிதாக இருந்தது. தமிழகத்தில் கொள்ளிடக்கரை ஊர்களில், சிறப்பாகச் சிதம்பரம் வட்டாரத்தில், முதலை அச்சம் இன்றும் நீங்கவில்லை. தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோர் பலர். ஆற்று முதலையைப் பற்றிய கதைகளை அவர்கள் உடன்கொண்டே வந்தனர் எனலாம். ஆனால் இங்கே அவர்கள் கண்டது கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் வேறு வகை. உருவிலும் சினத்திலும் பெரியது.

கடாரத்து நீர்நிலைகள்

இனி இடத்தை ஆராய்வோம். ஜெராய் மலையின் தெற்கே மெர்போக் ஆறு கடலோடு கலக்கிறது. அதன் தெற்கே மூடா ஆறு. வடக்கே அலோர்ஸ்டார் நகரை ஒட்டிக் கெடா ஆறு. மெர்போக் முகத்துவாரத்தில் ஏறத்தாழ 4,000 ஹெக்டர் பரப்பில் கண்டற்காடு பரந்துள்ளது. மலாய் மொழியில் 'பாக்காவ்' எனப்படும் மரங்கள் முதலாகப் பலவகை மரங்கள் நெருங்கிய காடு அது. உப்பும் இனிப்பும் கலந்த நீர், மீன் பெருக்கம், சேற்றுக் கரை, நிழல் ஆகியவை ஒருங்கே அமைந்த அவ்விடம் உவர்நீர் முதலைக்கு இயல்பான இருப்பிடம்.

அவ்விடத்திற்கே பழைய வணிகரும் வந்தனர். இராசேந்திர சோழன் 1025 ஆம் ஆண்டளவில் படை செலுத்திய கடாரம் இப்பகுதியே என்பர். 1936, 1937 ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் தம் மனைவியாருடன் புஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்து பழங்கோயில்களின் அடித்தளங்களை வெளிப்படுத்தினார். அக்கோயில்களுள் பல ஆற்றங்கரைகளை ஒட்டியே எழுந்தவை. ஆகவே முதலையும் மனிதனும் ஒரே கரையைப் பங்கிட்டுக் கொண்டது கடாரத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட செய்தியாகும்.

பின்னர் நீரே ஊருக்குள் வந்தது. கெடாவின் முதலமைச்சராக இருந்த வான் முகமது சமான் 1885 இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து, அலோர்ஸ்டாரிலிருந்து குரூண் நோக்கிப் பெருங்கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். சதுப்பு வடிந்து நெல்வயல் பெருகிற்று. கால்வாயின் இரு கரையிலும் வீடுகள் வரிசையாக எழுந்தன. படகு வாசலுக்கே வந்தது. படகு வரும் வழியில் வேறு எதுவும் வரலாம் அன்றோ?

1909 இல் கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. கோலமூடா, கூலிம், பாலிங் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1915 இல் இரயில் அலோர்ஸ்டாரை அடையும் வரை, ஆறே பெரிய சாலையாக இருந்தது. தோட்டத்து லயங்கள் நீர் வசதி கருதி ஓடைகளுக்கு அருகில் அமைந்தன. துணி துவைப்பதும் குளிப்பதும் ஓடையில். லயத்துப் பின்புறம் கத்தரி, வெண்டை, முருங்கை; அவற்றின் நடுவே கோழிக்கூண்டு. வாரக் கூலியில் வாங்க முடியாத கறியைக் கோழிதான் தந்தது. பிள்ளைப்பேற்றுக்கும் விருந்துக்கும் முனியாண்டி படையலுக்கும் கோழி வேண்டும். தோட்டத்துப் பெண்ணின் கையிருப்புப் பணம் கோழியாகவே நடமாடியது என்றால் மிகையன்று. ஆதலின் 'கோழி வளர்க்காதீர்' என்று ஏழைக்கு அறிவுரை கூறுவது அறிவுடைமையாகாது. எங்கே, எப்படி வளர்ப்பது என்பதே கேள்வி.

பாவாங்கின் தூண்டில்

மலாய் மக்களிடையே முதலை பிடிப்பதற்கென்றே 'பாவாங்' என்னும் மந்திர வல்லுநர் இருந்தனர். இவர்தம் முறைகளை சிலாங்கூரில் பணிபுரிந்த ஸ்கீட் என்பார் 1900 ஆம் ஆண்டு வெளிவந்த தம் 'மலாய் மாஜிக்' என்னும் நூலில் விரிவாக எழுதி வைத்தார்.

அத்தூண்டிலின் அமைப்பு நுட்பமானது. முனை கூர்மையாக்கப்பட்ட வன்மரத் துண்டு ஒன்றே கொக்கி. அதில் கோழியைக் கட்டி மிதவையின்மேல் வைப்பர். முதலை விழுங்கிய பின் கயிற்றை இழுத்தால் அத்துண்டு தொண்டையில் குறுக்கே நின்றுவிடும். கயிற்றை ஒரே புரியாக முறுக்குவதில்லை. தனித்தனி இழைகளாக விடுவர். முறுக்கிய கயிற்றை முதலை கடித்து அறுக்கும். தளர்ந்த இழைகள் பல்லிடுக்கில் புகுந்துவிடுவதால் அறுபடா. எழுத்தறியாத சிற்றூரார் கண்ட இவ்வுத்தி எந்தப் பொறியியலாளரும் மெச்சத்தக்கது.

இதனோடு சில நோன்புகளும் இருந்தன. தூண்டில் இட்டவன் சோறுண்ணும்பொழுது முதல் மூன்று கவளங்களை இடைவிடாது விழுங்கவேண்டும். அப்பொழுதுதான் இரை முதலையின் தொண்டையில் எளிதில் இறங்குமாம். குழம்பிலுள்ள எலும்பை எடுத்து எறியலாகாது. எறிந்தால் கொக்கியும் அவ்வாறே கழன்றுவிடுமாம். ஒத்தது ஒத்ததை விளைக்கும் என்னும் இந்நம்பிக்கையை, உலக மக்களின் பழக்கங்களைத் தொகுத்த பிரேசர் என்னும் அறிஞரும் தம் நூலில் எடுத்தாண்டார்.

மந்திரத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நாம் கருதவேண்டியது ஒன்று. ஆற்றிலுள்ள முதலையைத் தன் கைக்கு எட்டும் இடத்திற்கு வரவழைக்கப் பாவாங் தேர்ந்த பொருள் கோழி. நீர் விளிம்பில், ஒரே இடத்தில், நகராமல், குரல் எழுப்பிக்கொண்டு, வாடை பரப்பிக்கொண்டு கட்டுண்டிருக்கும் கோழி. ஓடைக்கரையில் நாம் அமைக்கும் கூண்டும் இவ்விலக்கணம் முழுவதையும் பெற்றிருக்கிறது. வேறுபாடு ஒன்றே: பாவாங்கின் இரையில் கொக்கி இருந்தது, நம் இரையில் அஃதில்லை. கொக்கியில்லாத தூண்டிலை வாசலில் இட்டுவிட்டு, முதலை வந்துவிட்டதே என்று வியக்கிறோம்.

பரிசும் தோலும்

ஆங்கில ஆட்சியில் அணுகுமுறை மாறிற்று. முதலையைக் கொன்று கொண்டுவந்தால் அரசாங்கம் பரிசு தந்தது. முட்டைக்கும் பரிசு உண்டு. துப்பாக்கி வைத்திருந்த துரைமாருக்கு முதலை வேட்டை பொழுதுபோக்காயிற்று. ஆனால் பெண் முதலை ஒரு பருவத்தில் நாற்பது முதல் அறுபது முட்டை வரை இடவல்லது. தழையும் சேறும் குவித்து மேடாக்கி, ஏறத்தாழ மூன்று மாதம் காவலிருந்து குஞ்சு பொரிக்கும். பரிசுப் பணம் ஒன்றே அதன் குடியைத் தொலைத்திருக்க முடியாது.

தொலைத்தது வணிகம். 1945 இல் போர் முடிந்த பிறகு மேனாட்டில் முதலைத்தோல் கைப்பைக்கும் காலணிக்கும் பெருங்கிராக்கி ஏற்பட்டது. விசைப்படகும், தலைவிளக்கும், நல்ல துப்பாக்கியும் வேட்டைக்காரர் கைக்கு வந்தன. இரவில் விளக்கொளி பட்டால் முதலையின் கண் செந்தழல்போல் மின்னும். அதனையே குறியாகக் கொண்டு சுடுவர். புறநானூற்றில் விளக்கு நிழலைக் கவ்வப் பாய்ந்த விலங்கு, விளக்கினாலேயே அழிந்தது. சிங்கப்பூர் தோல் வாணிகத்தின் பெருஞ்சந்தைகளுள் ஒன்றாக விளங்கிற்று. சில பத்தாண்டுகளுக்குள் தென்கிழக்காசிய ஆறுகள் பலவற்றில் முதலை அரிதாயிற்று.

இந்த இடைவெளியில் ஒரு தலைமுறை வளர்ந்தது. பாட்டனுக்குத் தெரிந்த எச்சரிக்கை பேரனுக்குத் தெரியாமற் போயிற்று. அமைதியான நீரில் முதலை இல்லையென்று எண்ணாதே என்னும் மலாய்ப் பழமொழியை, மனிதரின் உள்நோக்கத்தைப் பற்றிய உவமையாக மட்டும் பள்ளியில் கற்பிக்கலானோம். அது முதலில் ஆற்றங்கரைத் தாய் தன் பிள்ளைக்குச் சொன்ன நேரான அறிவுரையாக இருந்திருக்கவேண்டும்.

சட்டம் வந்த பின்

உலக நாடுகள் 1973 இல் அழிந்துவரும் உயிர்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு ஒன்றைச் செய்தன. அது 1975 இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் அதில் சேர்ந்தது. நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குக் காப்புச் சட்டமும், அதன் இடத்தில் 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பெற்றன. தீபகற்பத்தில் முதலை இன்று சட்டத்தின் காப்புக்கு உட்பட்டது. அனுமதியின்றி அதனைக் கொல்வதும் பிடித்து வைப்பதும் குற்றமாகும். 2016 இல் அவ்வுலக உடன்பாட்டு நாடுகள் கூடி, காட்டில் பிடித்த முதலையைச் சரவாக் மாநிலம் கட்டுப்பாட்டுடன் விற்க இசைவளித்தன. சபாவுக்கும் தீபகற்பத்துக்கும் அவ்விசைவு இல்லை.

சரவாக்கிற்கு அவ்வாறு இடந்தந்ததற்குக் காரணம் உண்டு. அங்கு முதலைகள் மிகுதி. பாத்தாங் லூப்பார் ஆற்றில் பலரைக் கொன்றதாக மக்கள் நம்பிய 'புஜாங் செனாங்' என்னும் முதலை 1992 இல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் நீளம் பத்தொன்பது அடிக்கு மேல். அதனோடு அச்சம் ஒழிந்ததா? இல்லை. அதன் பின்னரும் சரவாக் ஆறுகளில் முதலை தாக்குதல்கள் நிகழ்ந்தே வருகின்றன. ஒரு பெரிய முதலை நீங்கினால், அது காத்துவந்த இடத்திற்கு வேறொன்று வரும். இரையும் துறையும் அப்படியே இருக்கின்றன அல்லவா?

இடம் மாற்றுவது தீர்வா?

கொல்லக்கூடாது என்றால் பிடித்துத் தொலைவில் விடலாமே என்று கேட்போர் உண்டு. இதற்கு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைக்கிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆராய்ச்சியாளர் சில உவர்நீர் முதலைகளைப் பிடித்து, துணைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்தி, வேறிடங்களில் விட்டனர். அவற்றுள் ஒன்று நிலமுனையின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு வான்வழியாகக் கொண்டுசெல்லப்பட்டது. அது சில காலம் அங்குத் தங்கிப் பின்னர் முனையைச் சுற்றிக் கடல்வழியே இருபது நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தித் தன் பழைய ஆற்றுக்கே திரும்பிற்று. இம்முடிவு 2007 இல் வெளியாயிற்று. தாயூரை விட்டு வந்த நமக்கு இதைப் படிக்கையில் ஓர் இரக்கமும் தோன்றுகிறது. ஆயினும் இடமாற்றம் நிலையான தீர்வன்று என்பது இதனால் தெளிவாகும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வீட்டுக் குளங்களிலேயே அலிகேட்டர் வந்து தங்கும். அங்கு 1978 முதல் தனித் திட்டம் ஒன்று நடைபெறுகிறது. நான்கு அடிக்குக் குறையாத நீளமும், மனிதருக்கோ வளர்ப்பு விலங்குக்கோ உடைமைக்கோ இடர் விளைக்கும் என்ற ஐயமும் இருந்தால், மக்கள் அறிவிக்கலாம். உரிமம் பெற்ற வேட்டைக்காரர் வந்து பிடிப்பர். அவற்றை வேறிடத்தில் விடுவது வழக்கமன்று. திரும்பி வந்துவிடும் என்பதே காரணம். அம்மாநிலத்தில் மற்றொரு சட்டமும் உண்டு: அலிகேட்டருக்கு உணவிடுவது குற்றம். மனிதன் கையிலிருந்து உணவு பெற்ற விலங்கு மனிதனையும் உணவையும் சேர்த்தே எண்ணத் தொடங்கும் என்பது அதன் அடிப்படை.

இலங்கையில் மாத்தறைப் பக்கத்து நில்வளா ஆற்றில் மக்கள் வேறு வழி கண்டனர். குளிக்கும் துறையைச் சுற்றி நீருக்குள்ளேயே வேலி அடைத்தனர். முதலைக்கு ஆறு, மனிதருக்கு வேலிக்குள் துறை என்று பங்கு பிரித்துக்கொண்ட ஏற்பாடு அது. வேலி பழுதுபடாமல் பார்க்கும் வரையில் நன்மை தரும். வள்ளுவர் கூறிய இடனறிதல் இங்கே செயல்வடிவம் பெறுகிறது.

களவாடியது யார்?

கோழி காணாமற் போனவுடன் முதலையின் மேல் பழி சுமத்துவதும் முறையன்று. கெடாவில் கோழி திருடுவோர் பலர். பெரிய நீர் உடும்பு, மலாய் மொழியில் 'பியாவாக்', பகலில் வருவது. முட்டையையும் குஞ்சையும் கவர்வது. நீரில் நீந்தும்பொழுது அதன் தலையைக் கண்டு முதலைக்குட்டி என்று அலறியோர் பலருண்டு. பிளவுபட்ட நாவை அடிக்கடி நீட்டுவதும், மரம் ஏறுவதும் உடும்பின் அடையாளம். மலைப்பாம்பு இரவில் சிறு துளை வழியே நுழைந்து கோழியை முழுதாக விழுங்கி, வயிறு பருத்து வெளியேற இயலாமல் கூண்டுக்குள்ளேயே கிடப்பதும் உண்டு. மூசாங் என்னும் மரநாய் இறகையும் குருதியையும் சிதறவிட்டுச் செல்லும்.

முதலையின் அடையாளம் வேறு. நீரோரத்தில் மேய்ந்த வாத்தும் நாயுமே முதலில் காணாமற் போகும். சேற்றில் வயிறு இழைந்த வழுக்குத் தடமும், நடுவே வால் கிழித்த கோடும், இருபுறமும் நகம் பதிந்த அடியும் காணப்படும். அவ்வாறு கண்டால் தடத்தைப் பின்பற்றிச் செல்லாமல், துறையை மூடிவிட்டு, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவுக்கும் பொதுத் தற்காப்புப் படைக்கும் அறிவித்தலே தக்கது. தாமே தூண்டில் இடுவதும் சுருக்கு வைப்பதும் சட்டத்திற்கும் புறம்பு, உயிருக்கும் கேடு.

கூண்டின் இலக்கணம்

இதுவரை கூறியவற்றால் செய்யத்தக்கது எதுவெனத் தானே விளங்கும். கூண்டு நீர்க்கரையில் இருத்தலாகாது. வீட்டிற்கு ஆற்றை நோக்காத பக்கம் ஒன்று இருக்குமே, அங்கு அமைக்கவேண்டும். நீருக்கும் கூண்டுக்கும் இடையே வீடு இருப்பது நன்று. தரையினின்று உயர்த்திக் கால் நட்டு, நெருங்கிய கம்பிவலை அடித்து, பொழுது சாயுமுன் அடைத்துவிடவேண்டும். வாத்தை ஓடையில் மேயவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, முற்றத்தில் தொட்டி வைத்து நீர் காட்டலாம். கரைப்புதரை வெட்டி வெளிச்சமாக்குவதும், நாயைக் கரையோரம் கட்டாதிருப்பதும் வேண்டுவன.

இவற்றினும் முதன்மையான ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். தீபாவளிக்கு முதல்நாளும், ஆடிப் படையலன்றும், திருமணத்தின்போதும் அறுத்த கோழிகளின் குடலும் இறகும் எங்கே போகின்றன? பல இடங்களில் பின்புறத்து வாய்க்காலில். வாய்க்கால் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும், ஆறு முகத்துவாரத்திற்கும் செல்கிறது. குருதி வாடை செல்லும் அதே வழியில் அதன் தேட்டக்காரனும் எதிர்வந்து சேரும். புளோரிடாவில் குற்றமென்று விலக்கப்பட்ட செயலை நாம் விழா நாளில் அறியாமலே செய்துகொண்டிருக்கிறோம். குழி வெட்டி ஆழப் புதைத்தால் தென்னைக்கு எருவாகும், ஆற்றுக்கு அழைப்பாகாது. முனியாண்டிக்குப் படைப்பதை எவரும் குறை கூறவில்லை. முதலைக்கும் சேர்த்துப் படைக்கவேண்டா என்பதே நம் வேண்டுகோள்.

ஆசிரியர் கடமை

வான் முகமது சமான் வெட்டிய கால்வாய் நூற்றாண்டு கடந்தும் ஓடுகிறது. 1970 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய மூடா நீர்ப்பாசனத் திட்டம் வடகெடா முழுவதும் வாய்க்கால்களைப் பரப்பிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியும் போனமையால், லயத்தை விட்டுச் சுங்கைப்பட்டாணி போன்ற நகரங்களின் ஓரங்களில் குடியேறியோர் பலர். அவர்களுள் ஆற்றோர மனையே கிடைத்தோரும் உண்டு. கூண்டும் அவர்களோடு இடம்பெயர்ந்தது. அந்நீரில் என்ன இருக்கிறது என்ற பழைய அறிவு மட்டும் உடன்வரவில்லை.

அதனை மீட்டுத் தருவது நம் கடமை. மாலையில் வாத்தைக் கரையிலிருந்து ஓட்டிவந்து அடைப்பது யார் என்று என் பள்ளியில் கேட்டால், உயரும் கைகள் எட்டு வயதும் ஒன்பது வயதும் ஆன பிள்ளைகளின் கைகள். பெரியவர்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரம் அது. முதலை வேட்டைக்குப் புறப்படும் நேரமும் அதுவே. ஒரே நேரத்தில், ஒரே துறையில், நாள்தோறும் நடப்பதை முதலை கவனித்துப் பழகிக்கொள்ளும் என்பதை அறிந்த எந்தத் தாயும் அவ்வேலையைப் பிள்ளையிடம் விடமாட்டாள். அறியாததே குறை.

நம் வகுப்புகளில் குரங்கு முதலையை ஏமாற்றிய பஞ்சதந்திரக் கதையும், சருகுமான் முதலைகளை வரிசையாக நிறுத்தி எண்ணுவதுபோல் ஆற்றைக் கடந்த மலாய்க் கதையும் பாடமாகின்றன. இரண்டிலும் முதலை மூடன். கதைக்கு அது சரி. கதை முடிந்த பின் ஆசிரியர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, உண்மை முதலை மூடனன்று, அது பொறுமையுடையது, பல வாரம் உண்ணாமலும் காத்திருக்கவல்லது என்று சொல்லலாம். பிள்ளைகளைக் கொண்டே அவரவர் வீட்டைச் சுற்றியுள்ள நீர்வழிகளையும் கூண்டு இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் வரையச் செய்யலாம். அத்தாள் வீட்டுக்குப் போனால் தந்தையும் பார்ப்பார். கூண்டு இடம் மாறவும் கூடும்.

பாவாங் போனார், பரிசு போயிற்று, தோல் வணிகர் போயினர், சட்டம் வந்து முதலையைக் காக்கிறது. அதுவும் வாழவேண்டிய உயிரே. முகத்துவாரம் அதன் தொன்மையான வீடு. அதனைத் திருத்த நம்மால் இயலாது. நம் கோழிக்கூண்டை இருபது முப்பது அடி தள்ளி வைக்க இயலும். கடாரத்து ஆற்றங்கரை வரலாறு நமக்குத் தரும் பாடம் அவ்வளவே; அதனை இவ்வாரமே செய்துவிடலாம்.